மறுபிறவி எடுக்கும் ஜீப் எஞ்சின்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஜீப்புக்கு அப்பழமொழி பொருந்தாது. ஓடும்வரை அது யானை. நின்றுவிட்டால் எடைக்குப் போடும் இரும்பு. பழநி மலையடிவாரத் தோட்டங்களிலும், போடி மெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களிலும் ஆளையும் சுமையையும் ஏற்றித் திரிந்த பெட்ரோல் ஜீப்புகள் பல இப்படித்தான் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் நின்றுபோன எஞ்சின்கள் எல்லாம் செத்துப்போன எஞ்சின்கள் அல்ல. எது பிழைக்கும், எது பிழைக்காது என்பதை முடிவு செய்வது சம்மட்டி அன்று, அளவுகோல்தான். சென்ற கோடை விடுமுறையில், தொப்பம்பட்டிப் பட்டறை ஒன்றில் ஒரு விவசாயியின் பழைய மகிந்திரா ஜீப்பின் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்தபோது உடனிருந்து கண்டதையும், வகுப்பில் கற்றதையும் இணைத்து இக்கட்டுரையை எழுதுகிறேன்.

போர்க்களம் கண்ட எஞ்சின்

1940-ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம், நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறு வண்டி ஒன்றைச் செய்து தருமாறு 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. பாண்டம், வில்லிஸ், ஃபோர்டு ஆகிய மூன்று நிறுவனங்களின் வண்டிகள் களத்திற்கு வந்தன. இவற்றுள் வில்லிஸ் வண்டியை முன்னிறுத்தியது அதன் எஞ்சினே. அந்நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் டெல்மர் ரூஸ், 48 குதிரைத்திறன் மட்டுமே தந்துகொண்டிருந்த பழைய கார் எஞ்சினைச் சிறிது சிறிதாகச் சீர்திருத்தி 60 குதிரைத்திறனுக்கு உயர்த்தியிருந்தார். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் வில்லிசும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன.

நம் நாட்டில் 1945-ல் தொடங்கப்பட்டு, 1948-ல் மகிந்திரா அண்டு மகிந்திரா என்று பெயர் மாறிய நிறுவனம், 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டித் தந்தது. பின்னர் உரிமம் பெற்று இங்கேயே செய்யத் தொடங்கியது. நம் ஊர்களில் அரசு அதிகாரிகள் வந்திறங்கிய உயர்ந்த முகப்புடைய ஜீப், சி.ஜே.-3பி எனும் வகையாகும். அமெரிக்காவில் 1953-ல் பிறந்து 1968-ல் நின்றுபோன இவ்வகை, இந்தியாவில் அதன் பின்னும் பல ஆண்டுகள் பிறந்துகொண்டே இருந்தது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை ஏற ஏற, டீசல் எஞ்சின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

உயர்ந்த முகப்புக்குக் காரணம்

இந்த எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் குறுக்களவு மூன்றேகால் அங்குலத்திற்கும் சற்றுக் குறைவு. சரியாகச் சொன்னால் 3.125 அங்குலம் (79.4 மி.மீ.). பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 4.375 அங்குலம் (111.1 மி.மீ.). நான்கு சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 2,200 கன செ.மீ. உச்ச முறுக்குவிசை நிமிடத்திற்கு 2,000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. மேட்டில் ஏறும்போது எஞ்சினை அலறவிடாமல் மெதுவாகவே இழுத்துச் செல்ல முடிவது இதனால்தான்.

போர்க்கால எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வு, வெளியேற்றும் வால்வு இரண்டும் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்தன. பின் வந்த எஞ்சினில் வெளியேற்றும் வால்வைப் பிளாக்கிலேயே விட்டுவிட்டு, உள்ளிழுக்கும் வால்வை மட்டும் பெரிதாக்கி ஹெட்டில் ஏற்றிவைத்தார்கள். காற்றும் பெட்ரோலும் தாராளமாக நுழைந்தன. திறன் எழுபதுக்கு மேல் உயர்ந்தது. எஞ்சினின் உயரமும் கூடியது. சி.ஜே.-3பி தலைநிமிர்ந்து நிற்பதன் இரகசியம் இதுவே.

தேய்வு எங்கே நிகழ்கிறது?

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் உச்சிக்குச் சென்று திரும்பும் கணத்தில் அதன் வேகம் சுழி. வேகம் இருந்தால்தான் ரிங்குக்கும் சுவருக்கும் இடையே எண்ணெய்ப் படலம் நிலைக்கும். வேகம் அற்றுப்போகும் அந்த இடத்தில்தான் வெடிப்பின் அழுத்தமும் வெப்பமும் மிகுதி. ஆகவே மேற்பகுதியில் தேய்வு அதிகம். அடிப்பகுதியில் மிகக் குறைவு. மேலும், கனெக்டிங் ராடு சாய்வாக நின்று தள்ளுவதால் பிஸ்டன் பக்கவாட்டிலும் சுவரை அழுத்துகிறது. எனவே வட்டமாக இருந்த துளை நாளடைவில் முட்டை வடிவம் கொள்கிறது.

ரிங் எட்டாத உச்சியில் மட்டும் தேயாத ஒரு விளிம்பு தங்கிவிடும். பிஸ்டனை மேல்வழியே எடுப்பதற்கு முன் இந்த விளிம்பைச் சீவிவிட வேண்டும். அவசரப்பட்டுத் தட்டி எடுத்தால் ரிங் அந்த விளிம்பில் மாட்டி, பிஸ்டனின் காடி உடைந்துபோகும்.

பட்டறைக் கணிதம்

பட்டறையில் வழங்கும் அளவு ‘தௌ’. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. மி.மீ. கணக்கில் 0.0254. நம் ஆய்வகத்துத் திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்பதை நாம் அறிவோம். அப்படியானால் ஒரு தௌ என்பது அதில் இரண்டரைப் பிரிவு. நம் தலைமுடியின் கனமே இரண்டு மூன்று தௌ இருக்கும்.

துளையின் தேய்வைக் காண டயல் கேஜ் என்ற கருவி உண்டு. அது இல்லாத பட்டறையில் என்ன செய்கிறார்கள்? ஒரு ரிங்கை எடுத்துச் சிலிண்டரின் அடியில், தேயாத இடத்தில் மட்டமாக வைக்கிறார்கள். ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள இடைவெளியை, கனம் குறிக்கப்பட்ட மெல்லிய தகடுகளைச் செருகி அளக்கிறார்கள். பிறகு அதே ரிங்கை மேலே, தேய்ந்த இடத்தில் வைத்து அளக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மூன்றால் வகுத்தால் தேய்வு கிடைத்துவிடுகிறது!

இது மாயமன்று. வட்டத்தின் சுற்றளவு, குறுக்களவைப் போல் 3.14 மடங்கு. குறுக்களவு ஒரு தௌ கூடினால், ரிங்கின் வாய் மூன்று தௌவுக்குச் சற்று அதிகமாக விரியும். தொப்பம்பட்டியில் நான் கண்ட எஞ்சினில் மூன்றாம் சிலிண்டரில்தான் வேறுபாடு மிகுதி: 22 தௌ. 3.14-ஆல் வகுத்தால் தேய்வு ஏழு தௌ. பட்டறையின் மூத்த மெக்கானிக் ‘பை’ என்ற கிரேக்க எழுத்தை அறியார். ஆனால் அதன் பயனை அறிவார்.

ஒரு மில்லிமீட்டர் ஆயுள்

இனித்தான் முக்கியமான முடிவு. தேய்ந்த துளையை மீண்டும் வட்டமாக்க வேண்டுமானால் அதைச் சற்றுப் பெரிதாகக் குடைய வேண்டும். இதற்குப் ‘போரிங்’ என்று பெயர். குடைந்த துளைக்கேற்ற பெரிய பிஸ்டன் 10, 20, 30, 40 தௌ என்ற படிகளில்தான் கிடைக்கும். முதல் அளவிலிருந்து கடைசிப் படி வரை மொத்தம் 40 தௌ. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். இந்த ஒரு மில்லிமீட்டர் இரும்புதான் எஞ்சினின் கையிருப்பு. அறுத்து எடுத்த இரும்பை மீண்டும் ஒட்டவைக்க முடியாது.

நான் கண்ட எஞ்சின் ஏற்கனவே 20 தௌ குடையப்பட்டிருந்தது. ஒரேயடியாக 40-க்குக் குடைந்துவிட்டால் தழும்பே இல்லாமல் சுத்தமாகிவிடும் என்று அருகிலிருந்தோர் யோசனை கூறினர். மூத்த மெக்கானிக் இணங்கவில்லை. நான்கு சிலிண்டர்களையும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளக்கச் செய்தார். இருபதிலிருந்து முப்பதுக்குப் போனால் குறுக்களவில் பத்துத் தௌ, அதாவது ஒரு பக்கச் சுவரில் ஐந்து தௌ மட்டுமே கிடைக்கும். மூன்றாம் சிலிண்டரின் ஏழு தௌ தேய்வும் ஒரே பக்கத்தில் இருந்திருந்தால் முப்பது போதாது. ஆனால் அது இரு பக்கமும் பகிர்ந்திருந்தது. “முப்பதே போதும். இன்னொரு போர் மிச்சம் இருக்கட்டும், பின்னால் வருகிறவனுக்கு ஆகும்” என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லில் பொறியியலும் இருக்கிறது, அறமும் இருக்கிறது. எல்லாப் படியும் தீர்ந்தபின் உள்ளே இரும்பு உறையாகிய லைனரை அடித்து இறக்கலாம். அதற்கும் பிளாக்கின் சுவர் நல்ல நிலையில் இருக்க வேண்டும். பிளாக்கில் பொறித்த எஞ்சின் எண்தான் வண்டியின் பதிவுப் புத்தகத்திலும் இருக்கிறது. பிளாக் கெட்டால் எஞ்சினோடு வண்டியின் அடையாளமும் மாறவேண்டி வரும். முப்பது தௌ குடைவதால் கொள்ளளவு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு கூடுகிறது; அதை ஓர் இலாபமாகக் கருத வேண்டியதில்லை.

பிஸ்டனும் வெப்பமும்

பிஸ்டன் அலுமினியக் கலவை, சிலிண்டர் வார்ப்பிரும்பு. அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும் என்பது நம் பாடம். இரண்டும் 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால், இந்த அளவுள்ள பிஸ்டன் 0.18 மி.மீ. விரியும், சிலிண்டர் 0.09 மி.மீ. விரியும். வேறுபாடு ஏறத்தாழ நான்கு தௌ. ஆனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடும் இடமோ மூன்று தௌதான்! அப்படியானால் பிஸ்டன் இறுகிவிட வேண்டுமே?

இறுகாமலிருக்க இரண்டு உபாயங்கள் செய்திருக்கிறார்கள். பிஸ்டனை முழு வட்டமாகக் கடையாமல் சிறிது நீள்வட்டமாகக் கடைந்திருக்கிறார்கள். அதன் பாவாடைப் பகுதியில் ஆங்கில ‘டி’ எழுத்தைப் போல் ஒரு பிளவும் விட்டிருக்கிறார்கள். விரியும் உலோகம் அந்தப் பிளவுக்குள் அடங்கிக்கொள்கிறது. பழைய பிஸ்டனைக் கையில் எடுத்து, “இதில் விரிசல் விழுந்திருக்கிறது” என்று எண்ணுவோர் உண்டு. அது விரிசலன்று, விடை.

கிராங்கும் வால்வும்

கிராங்க் தண்டு மூன்று மெயின் பேரிங்குகளில் சுழல்கிறது. அதற்கும் இதே கணக்குத்தான், ஆனால் தலைகீழ். சிலிண்டர் பெருக்கிறது, கிராங்க் இளைக்கிறது. தேய்ந்த இடத்தைச் சாணை பிடித்து 10, 20, 30 தௌ எனக் குறைத்து, அதற்கேற்பக் கனமான பேரிங்கைப் போடுகிறார்கள். இங்கும் குறைவாக அறுப்பவனே நல்ல தொழிலாளி.

வால்வை அதன் இருக்கையில் அரைப்பசை தடவித் தேய்த்துப் பொருத்துகிறார்கள். சரியாகப் பொருந்தியதா என்று பார்க்க, வால்வின் விளிம்பில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் இட்டு, இருக்கையில் வைத்துக் கால் சுற்றுத் திருப்புகிறார்கள். எல்லாக் கோடுகளும் ஒன்றுபோல் அழிந்தால் பொருத்தம் சரி. ஒரு பக்கம் அழியாது நின்றால் அவ்வழியே அழுத்தம் கசியும்.

பிளாக்கின் நீரோட்டப் பாதையையும் மறக்கலாகாது. நம் வறண்ட பூமியில் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரையே ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். கொதிக்கும் பாத்திரத்தில் படிவதைப் போன்ற வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு உள்ளேயும் படிகிறது. அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. புதிய பிஸ்டன் போட்டும் எஞ்சின் கொதிக்கிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

பூட்டும் முறை

பிரிப்பது எளிது; பூட்டுவதே வித்தை. கிராங்கின் பல்சக்கரம் இரு முறை சுற்றினால் கேம் பல்சக்கரம் ஒரு முறை சுற்றும். இரண்டிலும் உள்ள அடையாளங்கள் எதிரெதிரே நிற்குமாறு பூட்ட வேண்டும். தீப்பொறி 1, 3, 4, 2 என்ற வரிசையில் செல்லும். குளிர்ந்த நிலையில் உள்ளிழுக்கும் வால்வுக்கு 18 தௌ, வெளியேற்றும் வால்வுக்கு 16 தௌ இடைவெளி விட வேண்டும்.

ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சிறிது சிறிதாக, 60 முதல் 70 பவுண்டு-அடி வரை முறுக்க வேண்டும். இவ்வெஞ்சினில் ஒரு போல்ட் கார்புரேட்டருக்கு அடியில், காற்று செல்லும் துளைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். அதை அறியாமல் ஹெட்டை நெம்பியவர்களும் உண்டு. பூட்டும்போது முறுக்காமல் விட்டவர்களும் உண்டு. ஓடத் தொடங்கிய பின் ஒருமுறை எல்லாவற்றையும் மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை சுமையின்றி, வேகமின்றி ஓட்டிப் பழக்கி, பின் எண்ணெயை மாற்றிவிட வேண்டும்.

இன்றைய பெட்ரோல்

இந்த எஞ்சின் பிறந்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு இருக்கைக்கும் ஒரு காப்பாக இருந்தது. மக்களின் உடல்நலம் கருதி 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் ஒழிக்கப்பட்டது; அது நல்லதே. ஆனால் அதனால், இருக்கையை மாற்ற நேர்ந்தால் கடினமான உலோகத்தில் போடுவது நலம். 2025-ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ஆகவே பெட்ரோல் குழாய்களையும், பம்பின் சவ்வையும் அதைத் தாங்கும் வகையில் மாற்றியாக வேண்டும். எஞ்சினைப் புதுப்பித்துவிட்டுப் பழைய குழாயை விட்டுவைப்பது தீயோடு விளையாடுவதாகும்.

நிறைவாக

இத்தொழிலில் இரும்பைவிட அரிதாகிக்கொண்டு வருவது ஒன்று உண்டு. அது, எவ்வளவு அறுக்கலாம் என்று அறிந்த கை. அந்தக் கைகளுக்கு வயதாகிவிட்டது. பட்டறையில் கற்றுக்கொள்ள வருவோர் அருகிவிட்டனர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படிப்பு என்பது பட்டறையிலிருந்து தப்பித்துப் போகும் வழி என்றுதான் எங்கள் தெருவில் பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வெப்ப விரிவும், உராய்வும், திருகு அளவியும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவன அல்ல. அந்த மெக்கானிக் மூன்றால் வகுப்பதற்குக் காரணம் சொல்ல நம்மால் முடியும். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்ல அவரால் முடியும். இரண்டும் ஓரிடத்தில் சேர வேண்டும்.

விடுமுறையில் ஊர் திரும்பும் நண்பர்கள் அருகிலுள்ள பட்டறைக்கு ஒருமுறை சென்று, ஒரு குறிப்பேட்டுடன் அமர்ந்து பாருங்கள். அங்கே எழுதப்படாத இயற்பியல் நிறைய இருக்கிறது. எழுதிவைத்தால் அதுவும் பின்னால் வருகிறவனுக்கு ஆகும்.