மெல்லக் கொல்லும் பாட்டு: எழுதியவர் யார்?

ஜனரஞ்சகமான ஆங்கிலப் பொப் பாடலொன்றை இலக்கிய நிகழ்ச்சியில் எடுத்துப் பேசுவது தகுமா என்று நேயர்களுள் சிலர் கேட்கக்கூடும். நான் இன்று எடுத்துக்கொள்ளும் பாடலின் பின்னால் ஒரு நாவல் இருக்கிறது. கடதாசிக் கைத்துண்டில் எழுதப்பட்ட ஒரு கவிதை இருக்கிறது. படைப்பாளி என்பவர் யார் என்ற பழைய வினாவும் இருக்கிறது. ஆகவே பேசலாம் என்றே நினைக்கிறேன்.

'கில்லிங் மீ சொஃப்ட்லி வித் ஹிஸ் சோங்' என்பது பாடலின் பெயர். 'தன் பாட்டினால் என்னை மெல்லக் கொல்கிறான்' என்று தமிழிற் சொல்லலாம். ஒரு பெண், இளம் பாடகன் ஒருவனின் பாட்டைக் கேட்கப் போகிறாள். அவன் அவளை அறியாதவன். ஆயினும் அவன் பாடப் பாட, தன் அந்தரங்கமே சபை நடுவில் அம்பலமாவதாக உணர்ந்து கூசிப்போகிறாள். இதைக் காதற் பாட்டு என்று கொள்வோர் பலர். என் அபிப்பிராயத்தில் இது காதலைப் பற்றியதன்று. கலையை அனுபவிப்பதைப் பற்றியது. இரசிகரின் பக்கம் நின்று பாடும் பாட்டு இது.

அந்த இரசிகை உண்மையில் வாழ்ந்த ஒருவர்தான். லோரி லீபர்மன் என்ற பாடகி 1971 நவம்பரில், தமது இருபதாவது வயதில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ட்ரூபடோர் அரங்கில் டொன் மக்லீன் பாடக் கேட்டார். மக்லீனின் 'எம்ப்டி செயார்ஸ்' என்ற பாடல் அவரை உலுக்கிவிட்டது. கையிலகப்பட்ட கடதாசிக் கைத்துண்டிலே அந்த உணர்வைக் கவிதையாகக் கிறுக்கினார். பின்னர் அதைத் தொலைபேசியில் நோர்மன் கிம்பலுக்கு வாசித்துக் காட்டினார். கிம்பல் பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்ள்ஸ் ஃபொக்ஸுடன் சேர்ந்து லீபர்மனுக்காகப் பாடல்களை ஆக்கித் தந்துகொண்டிருந்தவர். லீபர்மன் அவ்விருவருடனும் ஒப்பந்தம் செய்திருந்தார். இவை லீபர்மன் சொல்லும் விபரங்கள்.

கிம்பலிடம் ஒரு குறிப்புப் புத்தகம் இருந்தது. பிற்காலத்திற் பயன்படலாம் என்று கருதிய சொற்றொடர்களை அதில் எழுதி வைப்பார். அவற்றுள் ஒன்று, ஆர்ஜென்டீன எழுத்தாளர் ஹூலியோ கோர்த்தசாரின் நாவலொன்றிற் கண்டது: பியானோக்காரன் ஒருவன் புளூஸ் இசையால் கேட்போரை மெல்லக் கொல்வதாக வரும் சொற்றொடர். கிம்பல் இதைத் தாமே கூறியிருக்கிறார். 'புளூஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் 'பாட்டு' என்று வைத்ததும் தலைப்புக் கிடைத்துவிட்டது. (பிற மொழிச் சரக்கை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவதில் கிம்பல் கைதேர்ந்தவர். பிரேசில் நாட்டின் 'இபனேமாப் பெண்' பாடலுக்கு ஆங்கில வரிகள் எழுதியவரும் இவரே.)

ஃபொக்ஸ் மெட்டமைக்க, லீபர்மன் பாட, இசைத்தட்டு 1972இல் வெளிவந்தது. எடுபடவில்லை. ஆனால் விமானப் பயணிகள் காதிற் பொருத்திக் கேட்கும் இசை நிரலில் அது இடம்பெற்றது. லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயோர்க் சென்றுகொண்டிருந்த ரொபேர்ட்டா ஃபிளாக் அதனைக் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டு, தாளிற் கோடிட்டு, இசைக்குறிகளை எழுதிக்கொண்டார். சாஸ்திரிய இசை முறையாகப் பயின்ற கறுப்பினப் பாடகி அவர். முன்னர் பாடசாலை ஆசிரியையாக இருந்தவர்.

ஃபிளாக் செய்த மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். லீபர்மனின் பாட்டு ஒரு கதைபோல் நிதானமாகத் தொடங்கும். ஃபிளாக் பல்லவியை முதலில் வைத்தார். தாளத்தைச் சற்றே முடுக்கினார். சுரக்கட்டுகள் சிலவற்றை மாற்றி, சோகத்தில் முடிய வேண்டிய இறுதியைத் தெளிந்த ஒலியில் முடித்தார். சொற்கள் அவைதாம், ஆனால் முன்னையதிற் காயப்பட்டவளின் முறையீடு கேட்கிறது, பின்னையதில் அந்தக் காயத்தைத் தள்ளிநின்று பார்ப்பவளின் குரல் கேட்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர்களுக்கு இது விளங்கும். பதிவு செய்யும் முன்னரே ஃபிளாக் இதை மேடையிற் பாட, சபை ஆரவாரித்தது. ஒலிப்பதிவு செய்யும்வரை இனி இதை மேடையிற் பாடாதே என்று உடனிருந்த பாடகர் மார்வின் கே புத்தி சொன்னாராம்.

1973 ஜனவரியில் இசைத்தட்டு வெளியாகி, அடுத்த மாதமே அமெரிக்காவின் 'பில்போர்ட்' பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. நான்கு வாரங்கள் அங்கே நின்று, ஒரு வாரம் இன்னொரு பாட்டுக்கு வழிவிட்டு, மீண்டும் ஒரு வாரம் ஏறி அமர்ந்தது. 1974 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான விருது ஃபிளாக்கிற்கு. ஆண்டின் சிறந்த பாடலுக்கான விருது கிம்பலுக்கும் ஃபொக்ஸுக்கும். பாடியவரும் எழுதியோரும் கௌரவிக்கப்பட்டனர். கைத்துண்டில் எழுதியவருக்கு அந்த மேடையில் இடமில்லை.

இதிலேதான் சிக்கல். 1973இல் பத்திரிகையொன்றுக்குப் பேசியபோது, லீபர்மன் சொன்ன மக்லீன் கதையைக் கிம்பல் ஏற்றுக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளின் பின்னர் கிம்பலும் ஃபொக்ஸும் அதை மறுத்தார்கள். பாடல் எழுதப்பட்ட பிறகே லீபர்மன் அதை மக்லீனோடு தொடர்புபடுத்தினார் என்றார்கள். இணையத்தளத்திலிருந்து அந்தக் கதையை நீக்கும்படி 2008இல் கிம்பல் தரப்பு மக்லீனைக் கேட்டது. மக்லீன் பதிலாக அனுப்பியது அந்தப் பழைய பத்திரிகைச் செய்தியை! அச்சில் வந்த சாட்சி சொந்தக்காரருக்கே எதிராக நின்றது. லீபர்மன் கூறுவதே உண்மை என்று நான் கொள்வதற்கு இதுவே காரணம்.

உண்மை என்றாலும் சட்டத்தில் அவருக்கு இடமுண்டா? பதிப்புரிமைச் சட்டம் காப்பது எழுதப்பட்ட சொல்லையும் அமைக்கப்பட்ட மெட்டையும்தான், அனுபவத்தையும் எண்ணத்தையுமல்ல. பாடலின் சொற்களைக் கோத்தவர் கிம்பல் என்றால் உரிமை அவருடையதே. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் கோர்த்தசாரின் நாவலிலிருந்து சொற்றொடர் எடுத்த கிம்பலும் குற்றவாளியாகிவிடுவார். எனவே சட்டத்தை நான் குறைகூறமாட்டேன். ஆனால் நன்றி என்று ஒரு வரி அச்சிடுவதற்குச் சட்டம் தேவையில்லை. நாவலாசிரியருக்குக் கடன்பட்டதை ஒப்புக்கொள்ள முடிந்தவருக்கு, தம்மோடு ஒப்பந்தத்தில் இருந்த இளம்பெண்ணுக்குக் கடன்பட்டதை ஒப்புக்கொள்வது ஏன் கடினமாயிற்று?

1996இல் ஃபியூஜீஸ் குழு, லோரின் ஹில்லின் குரலில், இதே பாட்டை மீண்டும் உயிர்ப்பித்தது. பிரித்தானியாவில் அது முதலிடம் பெற்று, அந்த ஆண்டில் மிக அதிகமாக விற்பனையான தனிப்பாடலாயிற்று. அமெரிக்காவிலோ வானொலிகள் ஓயாது ஒலிபரப்பியும் 'பில்போர்ட்' பிரதான பட்டியலில் அதன் பெயரே வரவில்லை. தனி இசைத்தட்டாகக் கடைக்கு வராத பாடலைச் சேர்ப்பதில்லை என்ற விதி 1998 டிசம்பர்வரை இருந்தது. பட்டியல் எதை எண்ணுகிறது என்பதைத் தெரிந்துகொண்டே அதைப் படிக்க வேண்டும்.

அந்தக் குழு முதலில் பாடலின் சொற்களை மாற்றிப் போதைப்பொருளுக்கு எதிரான பாட்டாகப் பாடவே விரும்பியது. உரிமைக்காரர்கள் மறுத்துவிட்டனர், சொற்கள் அப்படியே நின்றன. மறுக்கும் உரிமை கிம்பலுக்கும் ஃபொக்ஸுக்கும் இருந்தது. லீபர்மனைக் கேட்கவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.