‘ஏறு’ என்றது கருவி... ‘இறங்கு’ என்றார் மனிதர்!

காரில் போகும்போது செல்போன் மேப் ‘வலது பக்கம் திரும்பு’ என்கிறது. பக்கத்து சீட்டுக்காரர், ‘அதெல்லாம் வேணாம், நேரா போ’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? தப்பினால் நஷ்டம் கொஞ்சம் பெட்ரோல், நிறையத் திட்டு. அவ்வளவுதான்!

இதே கேள்வி 36,000 அடி உயரத்தில் வந்தால்?

2002 ஜூலை 1. ராத்திரி பதினொன்றரை மணி. தெற்கு ஜெர்மனியில் யூபர்லிங்கன் என்ற ஊருக்கு மேலே, ஒரே உயரத்தில் இரண்டு விமானங்கள். ஒன்று, மாஸ்கோவிலிருந்து பார்சிலோனா போன டுப்போலெவ். உள்ளே பெரும்பாலும் சுற்றுலா கிளம்பிய பள்ளிப் பிள்ளைகள். இன்னொன்று, சரக்கு ஏற்றிய போயிங்.

அந்த வான்வெளி ஸூரிச் கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பில். அங்கே ஒரே ஓர் அதிகாரி, இரண்டு திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு. டெலிபோன் லைனும் பராமரிப்பு வேலையில்! கடைசி நேரத்தில் ஆபத்தைக் கவனித்தவர், டுப்போலெவிடம் ‘இறங்கு’ என்றார்.

இரண்டு விமானங்களிலும் ‘டீகாஸ்’ என்ற கருவி உண்டு. இரண்டு கருவிகளும் தங்களுக்குள் பேசி, ‘நீ ஏறு, நான் இறங்கறேன்’ என்று முடிவு செய்துகொள்ளும். இறங்க ஆரம்பித்த டுப்போலெவிடம் அது ‘ஏறு’ என்றது. போயிங்கிடம் ‘இறங்கு’ என்றது. போயிங் கருவியைக் கேட்டது. டுப்போலெவ் மனிதரைக் கேட்டது. இரண்டுமே இறங்கின. 71 உயிர்கள் போயின.

கருவி பழுதா? இல்லை. அதிகாரிக்கோ, கருவி என்ன சொன்னது என்பதே தெரியாது. விமானிகளுக்கு? யாருக்கு முதலிடம் என்று விதிகளிலேயே குழப்பம். இத்தனைக்கும் 2001 ஜனவரியில் ஜப்பான் வானத்தில் இப்படியே முரண்பட்ட உத்தரவுகளால் இரண்டு பெரிய விமானங்கள் மயிரிழையில் தப்பியிருந்தன.

இப்போது விதி தெளிவு. டீகாஸ் சொன்னால் அதுதான் வேதவாக்கு. விமானி அதைத் தரைக்கும் சொல்லணும்; அதன்பின் அதிகாரி குறுக்கே பேசக் கூடாது.

‘மெஷின் புத்திசாலியா, மனுஷன் புத்திசாலியா’ என்று பட்டிமன்றம் போடுகிறோம். எனக்கென்னவோ அது வெட்டிப் பேச்சு என்று படுகிறது. ஆஸ்பத்திரியோ, ரயிலோ, அணுமின் நிலையமோ... புத்திசாலி மெஷினை மனுஷன் பக்கத்தில் வைக்குமுன் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியுமா? ரெண்டு பேரும் வேற வேற சொன்னா, யார் சொல் எடுபடும்?

அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்றால் முடியாது. யூபர்லிங்கன் விமானிகளுக்கு அதற்கு ஒரு முழு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை.