கட்டை அடுக்கினால் கணக்கு வருமா?

மூன்று வயதுக் குழந்தை ஒன்று முதல் பத்து வரை கடகடவென ஒப்பிக்கும். “நான்கு கட்டை எடுத்துக் கொடு” என்றால் கைநிறைய அள்ளித் தரும். ஏன்?

எண்களின் பெயரை வரிசையாகச் சொல்வது மனப்பாடம். எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த அளவு என்பது தனிப் புரிதல். அது வரப் பல மாதங்கள் பிடிக்கும்.

இங்கேதான் கட்டைகள் உதவுகின்றன. 1907-இல் ரோம் நகரில் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி வகுத்த எண்கோல்கள் பத்து. சிறியது 10 செ.மீ., பெரியது 1 மீட்டர். ஒவ்வொரு 10 செ.மீ.யும் சிவப்பு, நீலம் என மாறி மாறி வரும். ஐந்தாம் கோலை எண்ணவும் செய்யலாம், ஒரே பொருளாகத் தூக்கவும் செய்யலாம். மூன்றையும் இரண்டையும் நீளவாக்கில் சேர்த்து ஐந்தின் பக்கத்தில் வைத்தால் கூட்டல் கண்ணுக்கே தெரிகிறது.

எழுத்தில் சிக்கல் வேறு. கோப்பையின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் மூளைக்கு அது ஒரே கோப்பைதான். அந்தப் பழக்கத்தில் குழந்தை எழுத்தையும் இடவலம் மாற்றி எழுதிவிடும். குச்சிகளால் எழுத்தைக் கட்டும்போது எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தாக வேண்டும். இரண்டு குச்சியில் ‘ட’. வலப்பக்கம் இன்னொன்றை நிறுத்தினால் ‘ப’.

ஆனால் கட்டை தானாகப் பாடம் நடத்தாது. அடுக்கும்போதே “இது மூன்று”, “இது ப” என்று பக்கத்தில் ஒருவர் பெயர் சொல்ல வேண்டும்.