நீரிழிவும் கைப்பேசியும்

நீரிழிவு நோயாளருக்கு வைத்தியர் எழுதித் தரும் சீட்டில் மருந்துகளின் பெயர் சில வரிகளே. உண்பது, நடப்பது, உறங்குவது ஆகிய ஏனையவை யாவும் நோயாளரின் அன்றாடப் பழக்கத்தைச் சார்ந்தவை. பழக்கத்தை மாற்றுவதோ எளிதன்று. சில மாதங்களுக்கு ஒருமுறை கேட்கும் புத்திமதி, வீடு சேருமுன் பாதி மறந்துபோகிறது. இவ்விடைவெளியில் கைப்பேசிச் செயலிகள் எவ்வாறு துணைபுரிகின்றன என்பதை நோக்குவோம்.

அவற்றின் பணி மூவகைப்படும். முதலாவது, பதிவு: உணவையும் நடையையும் இரத்தச் சர்க்கரை அளவையும் நாமே குறித்து வைக்கிறோம். இரண்டாவது, நினைவூட்டல்: மருந்து வேளை தவறாமல் மணி ஒலிக்கிறது. மூன்றாவதே முக்கியமானது, அது விளைவைக் கண்முன் காட்டுவது. உணவுக்குப்பின் நடந்த நாளின் அளவையும் நடவாத நாளின் அளவையும் அருகருகே காணும்போது, பிறர் சொல்லி ஏற்காததை நாமே உணர்கிறோம்.

இதற்குச் சான்று உண்டு. 2013-ஆம் ஆண்டு வெளியான தென்னிந்திய ஆய்வொன்றில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 537 ஆண்கள் பங்குகொண்டனர். அனைவருக்கும் தொடக்கத்தில் அறிவுரை கூறப்பட்டது. ஒரு சாராருக்கு மட்டும் குறுஞ்செய்திகள் தொடர்ந்து சென்றன. ஈராண்டு முடிவில், செய்தி பெற்றோரில் 100-க்கு 18 பேருக்கும், பெறாதோரில் 27 பேருக்கும் நீரிழிவு கண்டது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மற்றொரு நன்மையும் உண்டு. உடல்நிலையை இந்தியிலோ வங்காளத்திலோ விளக்கச் சொற்கள் தடுமாறலாம். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. மூன்று மாதப் பதிவைக் காட்டினால் வைத்தியர் புரிந்துகொள்வார். செயலியின் உணவுப் பட்டியலில் நம் பொங்கலும் குழம்பும் இல்லையெனில், அளவைக் கிண்ணக் கணக்கில் குறித்தல் போதும்.

எனினும் செயலி வைத்தியர் ஆகாது. அதன் சொல்லைக் கொண்டு இன்சுலின் அளவைத் தாமாகவே மாற்றலாகாது. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பதிவு செய்து கொண்டிருத்தல் தகாது. நினைவுள்ளவர் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் புகட்டாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முனைவோர் விரைவில் சலிப்படைவர். இரவு உணவுக்குப்பின் சிறிது தூரம் நடப்பது என்ற ஒன்றை மட்டும் முதலில் மேற்கொண்டு, அதைத் தவறாது குறித்து வருவோமாக. அது நிலைபெற்றபின் அடுத்ததைத் தொடங்கலாம்.