போரிலிருந்து மீண்ட குழந்தைகள்: நன்கொடை தரும் முன் என்ன பார்க்க வேண்டும்?

1996 அக்டோபர் 10. வடக்கு உகாண்டாவின் அபோகே ஊரில் செயின்ட் மேரிஸ் பெண்கள் பள்ளி விடுதிக்குள் எல்.ஆர்.ஏ. ஆயுதக் குழு புகுந்து, 139 மாணவிகளைக் கடத்திச் சென்றது. துணைத் தலைமை ஆசிரியையான இத்தாலியக் கன்னியாஸ்திரி ரக்கேலே ஃபசேரா அந்தக் குழுவைப் பின்தொடர்ந்து போய், பேசிப் பேசி 109 பேரை மீட்டார். 30 பேரைக் குழு விடவில்லை. அவர்களில் சிலர் உயிரோடு திரும்பவே இல்லை. பல ஆண்டுகள் கழித்துத் தப்பி வந்த பலர், கைக்குழந்தையோடு வந்தார்கள்.

ஜோசப் கோனி தலைமையிலான இந்தக் குழு கடத்திய குழந்தைகள் பல ஆயிரம் பேர். தப்பி வந்துட்டாங்க, அப்புறம் என்ன பிரச்சினை என்று தோன்றலாம். பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது.

யார் இந்தக் குழந்தைகள்?

துப்பாக்கி தூக்கினால்தான் கணக்கா? இல்லை. 2007-ல் உருவான பாரிஸ் கோட்பாடுகளின்படி, ஆயுதக் குழுவுக்காகச் சமைத்தவர்கள், சுமை தூக்கியவர்கள், உளவு பார்த்தவர்கள், பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் இதில் அடக்கம். ஆயுதத்தை ஒப்படைத்தால்தான் உதவி என்று விதி வைத்தால், முதலில் விடுபட்டுப் போவது பெண் குழந்தைகள்தான்.

வீடு திரும்பிய பிறகு?

குலு நகரில் 1994-ல் உள்ளூர் மக்களே தொடங்கிய கூஸ்கோ அமைப்பும், அடுத்த ஆண்டு வேர்ல்டு விஷன் திறந்த மையமும், தப்பி வந்தவர்களுக்குச் சிகிச்சையும் மனநல ஆலோசனையும் தந்தன. குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து அனுப்பி வைத்தன. மையத்தில் தங்கியது சில வாரங்களோ மாதங்களோதான். ஊருக்குப் போனதும் வேறு கதை. கடத்தப்பட்டவர்களில் பலரைச் சொந்த ஊரையே தாக்க வைத்திருந்தது அந்தக் குழு. அதனால் அக்கம்பக்கத்தினர் பயந்தார்கள். 17 வயதில் சின்னப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார வேண்டிய நிலை. அச்சோலி மக்களிடையே குழந்தை தந்தையின் குலத்தைச் சேர்ந்தது. நிலமும் அந்த வழியில்தான். காட்டில் பிறந்த குழந்தைக்கு இரண்டுமே இல்லாமல் போனது.

திரும்பி வந்தவர் முட்டையை மிதித்து ஊருக்குள் நுழையும் அச்சோலிச் சடங்கு, 'நீ எங்க பிள்ளைதான்' என்று ஊர் சொல்வதற்கு உதவியது. ஆனால் பள்ளிக் கட்டணத்தைச் சடங்கு கட்டாது.

கவனம் ஒரு பக்கம், தேவை ஒரு பக்கம்

2006 வாக்கில் எல்.ஆர்.ஏ. உகாண்டாவை விட்டு வெளியேறிவிட்டது. 2012-ல்தான் 'கோனி 2012' வீடியோ வந்து, ஒரே வாரத்தில் 10 கோடி பார்வைகளைத் தாண்டியது. லிரா நகரில் பாதிக்கப்பட்ட மக்களுக்கே அதைத் திரையிட்டபோது அவர்கள் கொதித்துப்போனார்கள். படம் கோனியைப் பிடிப்பதைப் பற்றிப் பேசியது. தங்கள் பாட்டைப் பேசவில்லை என்பது அவர்கள் கோபம்.

பணம் தரும் முன் கேட்க வேண்டியவை

* மீட்டதோடு முடிகிறதா, ஊர் திரும்பிய பிறகும் பல ஆண்டுகள் தொடர்கிறார்களா?

* ஆயுதம் ஏந்தாத பெண் குழந்தைகளுக்கும், அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் இடம் உண்டா?

* அதே ஊரின் மற்ற ஏழைக் குழந்தைகளும் பயனடைகிறார்களா? 'கொலை பண்ணினவனுக்கு உதவி, எங்களுக்கு ஒண்ணுமில்லையா?' என்ற கசப்பை இது குறைக்கும்.

* எந்தத் தொழிலைக் கற்றுத் தருகிறார்கள்? ஒரே ஊரில் எல்லோருக்கும் தையல் சொல்லிக் கொடுத்தால், தைக்கக் கொடுக்க ஆள் இருக்காது.

* குழந்தையின் முகத்தையும் பெயரையும் விளம்பரத்தில் போடுகிறார்களா? அப்படிப் போட்டால் ஒதுங்குங்கள். அந்த அடையாளம் வாழ்நாள் முழுக்கத் துரத்தும்.

* ஆண்டுக் கணக்கை வெளியிடுகிறார்களா?

ஒரு விஷயம்: வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாக அனுப்பும் நன்கொடைக்கு இந்தியாவில் வரிச் சலுகை கிடைக்காது.

செய்தியில் படம் பார்த்த அன்று மொத்தமாகத் தருவதைவிட, மாதாமாதம் சிறு தொகையாகச் சில ஆண்டுகள் தருவது நல்லது. ஆலோசகருக்கு மாதந்தோறும் சம்பளம் தர வேண்டும். பள்ளிக் கட்டணமும் ஒவ்வொரு பருவத்துக்கும் கட்ட வேண்டும்.