கை தடிக்கவில்லை என்றால் பயமில்லையா?



அலுவிகாரையில் எமது நலக்கூட்டம் ஒன்றில் ஒரு தாய் கேட்டார்: "பாதர், வீட்டில் ஒருவருக்குக் கசநோய். பிள்ளையின் கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். தடிக்கவில்லை. இனிப் பயமில்லைத்தானே?" அப்படிச் சொல்லிவிட முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

மான்டூ சோதனையில் கசநோய்க் கிருமியின் புரதத்தைச் சிறிதளவு தோலுக்குள் செலுத்தி, 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் தடிப்பை அளக்கிறார்கள். அத்தடிப்பை உண்டாக்குபவை இரத்தத்தின் வெண்கலங்களில் ஒருவகையான 'ரி' கலங்கள்.

திறப்பதற்கு இரண்டு சம்மதம்

குளத்துத் துருசை ஒருவர் தம் எண்ணப்படி திறப்பதில்லை. கமக்காரர் கூட்டம் நாள் குறிக்க வேண்டும். பொறுப்பானவர் வந்து திறக்க வேண்டும். ரி கலமும் அப்படியே. வேறொரு கலம் ஏந்திக் காட்டும் கிருமித் துண்டை, ரி கலத்தின் மேலுள்ள வாங்கி இனங்காண வேண்டும். அத்துடன் 'சி.டி.-28' என்னும் மற்றொரு வாங்கிக்கும் அக்கலத்திலிருந்து ஆபத்துச் செய்தி கிடைக்க வேண்டும். இரண்டும் கூடினால் உள்ளே நொதியங்கள் ஒன்றையொன்று தூண்டும், கல்சியம் உயரும், செய்தி கருவை எட்டும், கலம் பெருகும். முதலாவது மட்டும் கிடைத்தால், புதிய ரி கலம் செயலற்று அடங்கிவிடும். எமது உடலையே அது தாக்காதிருக்க இதுவும் ஒரு காவல்.

மூடவும் வேண்டும்

திறந்த துருசை மூடாவிட்டால் பயிர் அழுகும். 'சி.ரி.எல்.ஏ.-4' என்னும் வாங்கி, சி.டி.-28 பற்றவேண்டிய பிடியைத் தான் பற்றிக்கொள்ளும். 'பி.டி.-1' உள்ளே செல்லும் செய்தியைத் தணிக்கும். இத்தடைகளை நீக்கிப் புற்றுநோயை எதிர்க்க வழிகண்ட ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹொஞ்சோ இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் இம்மருந்து பெற்ற சிலரில் உறங்கிக்கிடந்த கசநோய் தலைதூக்கியதும் உண்டு. தடையும் தேவையே.

தாய்க்கு எமது பதில்

போசாக்குக் குறைந்த பிள்ளையில் ரி கலங்கள் குறைந்து, பலவீனமடையும். அப்போது கிருமி இருந்தும் கை தடிக்காமல் போகலாம். கிருமி தொற்றிச் சில வாரங்கள் கழியுமுன் சோதித்தாலும் அப்படியே. மறுபுறம், பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசியாலும் தடிப்பு வரலாம். ஆகவே தடிப்பை மட்டும் வைத்து நாமாக முடிவுசெய்யக் கூடாது.

வீட்டில் நோயாளி இருப்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். சொன்ன திகதியில் பிள்ளையை மீண்டும் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதியுங்கள். நிவாரண அரிசியோடு பயறு, முட்டை, நெத்தலி, கீரை ஏதாவது பிள்ளையின் கோப்பையில் சேரட்டும். துருசு திறந்தாலும், குளத்தில் நீர் இருந்தால்தானே வயல் நனையும்?