கறம்பக்குடி பக்கம் கிடைத்த 501 ரோமத் தங்கக் காசுகள்: புதுக்கோட்டை மியூசியம் போறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க

1898ஆம் ஆண்டு, கறம்பக்குடி அருகே உள்ள கருக்காக்குறிச்சியில் மண்ணுக்குள் இருந்து ஒரு புதையல் வெளியே வந்தது. மொத்தம் 501 காசுகள். அத்தனையும் தங்கம், அத்தனையும் ரோமப் பேரரசின் காசுகள். ஒவ்வொன்றும் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவான எடை. இந்தியாவில் கிடைத்த ரோமத் தங்கக் காசுப் புதையல்களில் முக்கியமான ஒன்று இது. ஆனா, கறம்பக்குடியிலேயே நிறைய பேருக்கு இது தெரியாது.

காசில் வெட்டு ஏன்?

அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ், நீரோ என்று ரோமப் பேரரசர்களின் முகம் பொறித்த காசுகள் இவை. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. வினோதம் என்னன்னா, பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் மேலேயே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது.

காசாகப் புழங்கக் கூடாது, வெறும் தங்கமாக எடை போட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதற்காக வெட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். உள்ளே வேறு உலோகம் வைத்து மேலே தங்க முலாம் பூசியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்த வெட்டு என்பது இன்னொன்று. நகைக்கடையில் உரசிப் பார்ப்பதில்லையா, அது மாதிரி. எது சரி என்பதில் ஆய்வாளர்களிடம் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

இப்போ அந்தக் காசுகள் எங்கே?

இந்தப் புதையலின் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்விட்டது. அங்கே அதற்கு 'புதுக்கோட்டை புதையல்' என்றுதான் பெயர். கருக்காக்குறிச்சி என்ற பெயர் அதில் காணாமல் போய்விட்டது. அந்த மியூசியத்தின் இணையதளத்தில் இந்தக் காசுகளின் படங்களை மொபைலிலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

ஊரில் கிடைத்த பொருளை ஊருக்குப் பக்கத்திலேயே வைத்துக் காப்பாற்ற அன்று புதுக்கோட்டையில் மியூசியம் கிடையாது. அது வந்தது 12 வருஷம் கழித்து, 1910இல், மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் காலத்தில். 1948இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த பிறகு அது அரசு அருங்காட்சியகம் ஆனது.

எப்படிப் போகலாம்?

கறம்பக்குடியில் இருந்து ஆலங்குடி வழியாக புதுக்கோட்டை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கிருந்து டவுன் பஸ் அல்லது ஆட்டோவில் திருக்கோகர்ணம். காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை. இதுலதான் பலர் ஏமாறுவாங்க: வெள்ளிக்கிழமை திருக்கோகர்ணம் பிரகதாம்பாளைக் கும்பிட்டுட்டு அப்படியே மியூசியத்தையும் பார்த்துடலாம்னு போனா, கதவு பூட்டியிருக்கும். இரண்டாவது சனிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் வேண்டாம்.

பசங்களைக் கூட்டிட்டுப் போனால் அவர்கள் முதலில் ஓடுவது பாடம் செய்து வைத்திருக்கும் விலங்குகள் பக்கம்தான். ஓடட்டும். பெரியவர்கள் கற்சிலைகள், செப்புத் திருமேனிகள், கல்வெட்டுகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் 'அம்மன் காசு' பற்றிக் கேளுங்கள்: ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து மக்களுக்குக் கொடுத்த சின்னஞ்சிறு செப்புக் காசு அது. கருக்காக்குறிச்சி புதையல் பற்றியும் ஊழியர்களிடம் கேளுங்கள். ஊர்ப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

காலையிலேயே கிளம்பினால் மதியத்துக்கு மேல் சித்தன்னவாசலையும் பார்த்துவிடலாம். புதுக்கோட்டையில் இருந்து சுமார் 16 கிலோமீட்டர்.

உங்க வயல்ல ஏதாவது கிடைச்சா?

இந்த மாவட்டத்தில் இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. புதுக்கோட்டையை ஒட்டிய பொற்பனைக்கோட்டையில் 2023இல் தமிழக தொல்லியல் துறை தோண்டியபோதும் தங்க மூக்குத்தி கிடைத்தது. 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்திருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருளையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம். பழைய பானையோ காசோ தென்பட்டால் கழுவாதீங்க, உரசிப் பார்க்காதீங்க. கிடைத்த இடத்தை போட்டோ எடுத்துவிட்டு விஏஓ அல்லது தாசில்தார் அலுவலகத்தில் சொல்லுங்க.